காலை வழிபாட்டில் மயங்கி விழும் மாணவியிடமிருந்து தொடங்கலாம்: பள்ளியில் உடலியங்கியலை அறிமுகப்படுத்துவது பற்றி

அரசு மேல்நிலைப் பள்ளி ஒன்றில் விலங்கியல் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது: "11ஆம் வகுப்பு விலங்கியலில் செரிமானம், சுவாசம், சுற்றோட்டம், கழிவுநீக்கம், நரம்பு, நாளமில்லாச் சுரப்பிகள் என்று உடலியங்கியலின் பெரும்பகுதி வந்துவிடுகிறது. ஆனால் மாணவர்கள் அதை நீட் தேர்வுக்கான கொள்குறி வினாக்களாகவே பார்க்கிறார்கள். இந்தத் துறையில் ஆராய்ச்சி நடக்கிறது, இதைப் படித்தவர்களுக்கு வேலைகள் இருக்கின்றன என்பதை அவர்களுக்கு எப்படிக் காட்டுவது? பேராசிரியர் ஒருவரை அழைத்து ஒரு மணி நேரம் பேச வைத்தால் போதுமா?"

பேச்சு மட்டும் போதாது என்பதே என் அனுபவம். மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்கு 20 ஆண்டுகளுக்கு மேலாக உடலியங்கியல் கற்பித்து வருகிறேன். அழைத்த பள்ளிகளுக்கெல்லாம் சென்று பேசியும் இருக்கிறேன். தொடக்கத்தில் படங்களைத் திரையில் காட்டி, நோபல் பரிசு பெற்றவர்களின் பெயர்களைச் சொல்லி, படிப்புகளின் பட்டியலையும் கொடுத்துவிட்டு வருவேன். முடிவில் எழுந்து நிற்கும் மாணவர் கேட்பது எப்போதும் ஒரே கேள்வியாக இருக்கும்: "சார், இந்த வருஷம் கட்-ஆஃப் எவ்வளவு இருக்கும்?" பேச்சைக் குறைத்துக்கொண்டு, மாணவர்கள் தங்கள் உடலில் எதையாவது அளந்து பார்க்கும்படி செய்யத் தொடங்கிய பிறகுதான் கேள்விகள் மாறின. எனவே அளவீடு முதலில், ஆராய்ச்சி பற்றிய பேச்சு அதன் பிறகு, வேலைவாய்ப்பு கடைசியில் என்ற வரிசையையே உங்களுக்கும் பரிந்துரைக்கிறேன்.

முதல் வகுப்புக்கு உங்கள் பள்ளியிலேயே ஒரு நிகழ்ச்சி தயாராக இருக்கிறது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில், வெயிலில் அசையாமல் நின்றுகொண்டிருக்கும் மாணவிகளில் ஒருத்தி மயங்கி விழுவதைப் பார்க்காத ஆசிரியர் தமிழ்நாட்டில் இருக்க முடியாது. "காலையில் சாப்பிடவில்லை" என்று காரணம் சொல்லி, தண்ணீர் தெளித்து, சோடாவோ தேநீரோ கொடுத்து வகுப்புக்கு அனுப்பிவிடுகிறோம். சாப்பிடாததும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆனால் அவள் தரையில் படுத்த ஒரு நிமிடத்துக்குள், வாயில் எதுவும் போடுவதற்கு முன்பே, கண் விழித்துவிடுகிறாளே, அது எப்படி? இந்தக் கேள்வியைக் கரும்பலகையில் எழுதிவிட்டு, ஐந்து நிமிடம் நீங்கள் எதுவும் சொல்லாமல் இருங்கள். உடலின் அமைப்பைச் சொல்வது உடற்கூறியல் என்றும், அந்த அமைப்பு எப்படி வேலை செய்கிறது, தன்னை எப்படிச் சமன்படுத்திக்கொள்கிறது என்று கேட்பது உடலியங்கியல் என்றும் வரையறை எழுதிப் போடுவதைவிட, இந்த ஒரு கேள்வி வேறுபாட்டை நன்றாக விளக்கும்.

விடைக்குப் போகும் வழியில் ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வியின் சோதனையைச் செய்து காட்டலாம். அவர் 1628இல் வெளியிட்ட நூலில் படத்துடன் விளக்கிய இந்தச் சோதனைக்குக் கருவி எதுவும் தேவையில்லை. சிரைகள் (தோலின் கீழ் நீலமாகத் தெரியும் இரத்தக் குழாய்கள்) புடைத்துத் தெரியும் கையுள்ள மாணவர் ஒருவரை அழைத்து, முழங்கைக்கு மேலே ஒரு துணியை மிதமான இறுக்கத்தில், ஒரு நிமிடத்துக்கு மேல் போகாதபடி கட்டுங்கள். முன்கையின் சிரை புடைத்து, அதில் ஆங்காங்கே சிறு முடிச்சுகள் போன்ற இடங்கள் தெரியும், அவைதான் வால்வுகள். மணிக்கட்டுப் பக்கமாகச் சிரையின் ஓரிடத்தை ஒரு விரலால் அழுத்திக்கொண்டு, மற்றொரு விரலால் அங்கிருந்து மேல்நோக்கி, அடுத்த முடிச்சைத் தாண்டும் வரை இரத்தத்தைத் தள்ளிவிட்டு, மேலே உள்ள விரலை மட்டும் எடுத்துவிடுங்கள். மேலிருந்து இரத்தம் கீழே இறங்காது. இடைப்பட்ட பகுதி வெறுமையாகவே தட்டையாகக் கிடக்கும். கீழே அழுத்தியிருக்கும் விரலை எடுத்ததும் சிரை கண் முன்னே நிரம்பிவிடும். சிரைகளில் இரத்தம் இதயத்தை நோக்கி மட்டுமே போகிறது என்பதைப் புத்தகம் சொல்லி ஏற்றுக்கொள்வதற்கும் நண்பனின் கையில் பார்ப்பதற்கும் உள்ள வேறுபாட்டை, அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தமே உங்களுக்குச் சொல்லிவிடும்.

இதில் ஒரு செய்தியை விட்டுவிடாதீர்கள். இந்த வால்வுகளைப் பற்றி 1603இலேயே நூல் எழுதியவர் ஹார்விக்கு இத்தாலியின் பதுவா நகரில் ஆசிரியராக இருந்த ஃபேப்ரிசியஸ். அவர் வால்வுகளைக் கண்டார், தெளிவாக வரைந்தும் வைத்தார். ஆனால் கைகால்களில் இரத்தம் தேங்கிவிடாதபடி அதன் வேகத்தைக் குறைப்பதே அவற்றின் வேலை என்று நினைத்தார். அதே வால்வைப் பார்த்த அவருடைய மாணவர் ஹார்வி வேறொரு கேள்வி கேட்டார்: இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தை வெளியே தள்ளுகிறது, ஒரு மணி நேரத்தில் அது எவ்வளவு ஆகும்? இன்றைய எண்களை வைத்து உங்கள் மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். ஒரு துடிப்புக்குச் சுமார் 70 மில்லிலிட்டர், நிமிடத்துக்கு 70 துடிப்பு என்று வைத்தால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு நாளைக்கு 7,000 லிட்டர். உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தைப் புதிதாகச் செய்துகொண்டே இருக்கிறது, உடல் அதைச் செலவழித்துக்கொண்டே இருக்கிறது என்று 1,400 ஆண்டுகளாக நம்பப்பட்டு வந்த பண்டைய கிரேக்க மருத்துவர் கேலனின் கருத்து, இந்த ஒரு பெருக்கல் கணக்கின் முன் நிற்க முடியவில்லை. அதே இரத்தம்தான் சுற்றிச் சுற்றி வந்தாக வேண்டும். உடலில் எதையாவது எண்ணாக மாற்றி, பழைய விளக்கம் அந்த எண்ணுக்குப் பொருந்துகிறதா என்று பார்ப்பதுதான் ஆராய்ச்சி என்று மாணவர்களுக்குச் சொல்ல, இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இப்போது மயங்கி விழுந்த மாணவியிடம் திரும்பலாம். நாம் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட இரத்தம் கீழே இறங்கிக் கால் சிரைகளில் தங்குகிறது. அசையாமல் நிற்பவரின் கணுக்கால் சிரையில் அழுத்தம் சுமார் 90 மி.மீ. பாதரசம்; அவர் நடக்கத் தொடங்கினால் அது ஏறத்தாழ 25 வரை இறங்கிவிடும். காரணம், கெண்டைக்கால் தசை ஒவ்வொரு முறை சுருங்கும்போதும் சிரையைப் பிழிந்து இரத்தத்தை மேலே தள்ளுகிறது. ஹார்வி பார்த்த வால்வுகள் அதைக் கீழே இறங்க விடுவதில்லை. "அசையாமல் நில்" என்று நாம் கட்டளையிடும்போது இந்தத் தசைப் பம்பை நிறுத்தச் சொல்கிறோம். வெயில் தோலின் இரத்தக் குழாய்களை விரித்துவிடுகிறது. இதயத்துக்குத் திரும்பும் இரத்தம் குறைய, மூளைக்குப் போவதும் குறைகிறது. தரையில் படுத்ததும் கால்களும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்துவிடுவதால் உணர்வு திரும்புகிறது. ஆகவே மயங்கியவளைத் தூக்கி நிறுத்தவோ நாற்காலியில் உட்கார வைக்கவோ கூடாது; படுக்க வைத்துக் கால்களைச் சற்று உயர்த்த வேண்டும். அடிக்கடி மயங்குபவளையும், ஓடும்போது மயங்கியவளையும் கட்டாயம் மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

இந்தப் பாடத்தைப் பள்ளியின் மதிலுக்கு வெளியேயும் கொண்டுபோக முடியும், கொண்டுபோக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. துணிக்கடையிலும் நகைக்கடையிலும் காலை முதல் இரவு வரை நின்றபடியே வேலை பார்க்கும் அக்காவோ அம்மாவோ உங்கள் மாணவர்களில் பலருக்கு இருப்பார்கள். மாலையில் அவர்களுக்குக் கால் வீங்குவதும், ஆண்டுகள் செல்லச் செல்லச் சிரைகள் முறுக்கிக்கொண்டு புடைப்பதும் இதே வால்வுகளின் கதைதான். கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி கட்டாயம் என்று தமிழ்நாட்டில் 2021இல் சட்டத் திருத்தம் வந்தபோது, அதன் பின்னால் தொழிலாளர்களின் நெடிய கோரிக்கை இருந்தது. அந்தக் கோரிக்கைக்கு உடலியங்கியலின் நியாயமும் இருந்தது. வேலைக்குப் போகும் முன்பும் திரும்பிய பிறகும் அம்மாவின் கெண்டைக்கால் சுற்றளவைத் தையல் நாடாவால் அளந்து, ஒரு வாரம் எழுதி வைக்கும் மாணவி ஓர் ஆய்வைத் தொடங்கிவிட்டாள் என்றே நான் சொல்வேன்.

அவள் உடனே சிக்கல்களையும் சந்திப்பாள். நாடாவை எந்த இடத்தில் வைப்பது, எவ்வளவு இறுக்குவது, மூன்று முறை அளந்தால் மூன்று எண்கள் வருகின்றனவே, எதை எழுதுவது? தயவுசெய்து இந்த இடத்தில் நீங்கள் விரைந்து விடை சொல்லிவிடாதீர்கள். அளவீட்டில் வரும் பிழையையும், உடலில் உண்மையாகவே நிகழும் மாற்றத்தையும் பிரித்தறிவதற்குத்தான் எங்கள் துறையில் பெரும்பாலான நேரம் செலவாகிறது. நாடித்துடிப்பை 15 நொடி எண்ணி நான்கால் பெருக்கும் பழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஒரு துடிப்பைத் தவறவிட்டால் விடையில் நான்கு குறையும். அளவுகோலை ஒருவர் நழுவவிட மற்றொருவர் பிடிக்கும் சோதனையும் நல்லது, 20 செ.மீ. விழுந்த பிறகு பிடித்தால், இயற்பியல் பாடத்தில் படித்த சமன்பாட்டின்படி எதிர்வினை நேரம் சுமார் 0.2 நொடி. ஒரே மாணவரைப் பத்து முறை செய்ய வைத்து, பத்து விடைகளையும் எழுதச் சொல்லுங்கள். நரம்பில் செய்தி போகும் வேகம் அளக்கவே முடியாத அளவு அதிகம் என்று கருதப்பட்ட காலத்தில், 1850இல் ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் தவளையின் நரம்பில் அதை அளந்து, நொடிக்கு ஏறத்தாழ 30 மீட்டர்தான் என்று காட்டியதை அதன் பிறகு சொன்னால், மாணவர்கள் அந்த எண்ணை மறக்க மாட்டார்கள்.

ஒரு பள்ளியில் நாடித்துடிப்பு எண்ணும் பயிற்சியில், ஒரு மாணவனுக்கு 52 வந்தது. புத்தகத்தில் 72 என்று இருந்ததால், தனக்கு இதய நோய் என்று பயந்து அவன் நோட்டில் 72 என்று மாற்றி எழுதிவிட்டான். பக்கத்திலிருந்தவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அவன் மாவட்ட அளவில் 1,500 மீட்டர் ஓடுபவன். நீண்ட பயிற்சியால் ஒரு துடிப்பில் அதிக இரத்தத்தைத் தள்ளக் கற்ற இதயத்துக்கு ஓய்வில் குறைந்த துடிப்புகளே போதும். அன்று அந்த வகுப்பில் சராசரி என்றால் என்ன, இயல்பு என்றால் என்ன என்று பேசியது என் மனத்துக்கு மிகவும் நிறைவான பாடங்களில் ஒன்று. வந்த எண்ணை மாற்றி எழுதக் கூடாது என்பதை அன்று எல்லாரும் புரிந்துகொண்டார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் உண்டு. உடலை அளப்பது அந்தரங்கமான செயல். எடை, மாதவிடாய், இரத்த அழுத்தம் போன்றவற்றை வகுப்பில் உரக்கப் படிக்கக் கூடாது. விருப்பமில்லாதவரை வற்புறுத்தக் கூடாது. வந்த எண்ணை வைத்து நோய் உண்டு என்று ஆசிரியர் முடிவு சொல்லக் கூடாது. இரத்தம் எடுக்கும் எந்தச் சோதனையும் பள்ளியில் வேண்டாம். 18 வயதுக்குக் குறைந்தவர்கள் பங்கேற்கும் ஆய்வுகளில் பெற்றோரின் சம்மதத்தோடு, விவரம் தெரிந்த பிள்ளையின் இசைவையும் கேட்க வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நெறிமுறைகள் சொல்கின்றன. வகுப்பறைப் பயிற்சிக்கு அந்த விதி நேரடியாகப் பொருந்தாவிட்டாலும், சம்மதம் கேட்கும் பழக்கத்தை இப்போதே ஏற்படுத்துவது நல்லது.

இவ்வளவும் நடந்த பிறகு ஆராய்ச்சியாளர் ஒருவரை அழையுங்கள். அப்போது அவர் பேசுவது வேறு விதமாகக் கேட்கும். துறைத் தலைவரைவிட, முனைவர் பட்டத்துக்காக ஆய்வு செய்துகொண்டிருக்கும் இளைஞர் ஒருவரை, முடிந்தால் அரசுப் பள்ளியில் படித்து வந்தவரை, அழைக்கும்படி சொல்வேன். தன் ஆய்வில் எது தவறிப்போனது, ஒரு நாளை எப்படிச் செலவிடுகிறார், மாதம் எவ்வளவு உதவித்தொகை வருகிறது என்று அவரால் ஒளிக்காமல் சொல்ல முடியும்.

ஆராய்ச்சி என்பது வெளிநாட்டில் நடப்பது என்ற எண்ணம் மாணவர்களிடம் வேரூன்றியிருக்கிறது. படியேறும்போது மூச்சிரைப்பதன் பின்னணியை ஆராய்ந்து, நுரையீரல் நுண்குழாய்களின் அருகே இருக்கும் ஜே ஏற்பிகள் என்ற நரம்பு முனைகளை 1950களில் கண்டறிந்த ஏ.எஸ். பெயிண்டல், டெல்லியின் வல்லபாய் படேல் மார்புநோய் நிலையத்தை நீண்ட காலம் வழிநடத்தியவர். மெட்ரிகுலேஷன் தேர்வில் இரு முறை தவறி, மூன்றாம் முறை தேறி, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், 1920களில் ஹார்வர்டில் தசையின் ஆற்றல் பற்றி ஆய்ந்து, தசையில் ஆற்றலைச் சேமிக்கும் பொருளான பாஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்தவர்களில் ஒருவர். இவர்களைவிட அருகில் இருக்கும் எடுத்துக்காட்டு நம் உப்பளங்கள். சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் உப்பளத் தொழிலாளர்களிடம் வெப்பச் சுமையையும் சிறுநீரகச் செயல்பாட்டையும் அளந்து வெளியிட்டிருக்கிறார்கள். வேலையிடத்தில் கழிப்பறை இல்லாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே தவிர்ப்பது அவர்கள் உடலை என்ன செய்கிறது என்பதையும் ஆய்ந்திருக்கிறார்கள். கழிவுநீக்கப் பாடத்தில், சிறுநீரகத்தின் வடிகட்டும் நுண்ணலகான நெஃப்ரானின் படத்தை வரைந்து முடித்ததும் இதைச் சொல்லுங்கள். வியர்வையில் நீர் இழந்தவர் தண்ணீரும் குடிக்காவிட்டால் சிறுநீரகம் என்ன செய்யும் என்று மாணவர்களே யோசிப்பார்கள். சிலருக்கு வீட்டிலேயே விடை தெரிந்திருக்கும்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வழி வேண்டும். 1887இல் தொடங்கப்பட்ட அமெரிக்க உடலியங்கியல் சங்கம், ஆண்டுதோறும் நவம்பரில் ஒரு வாரத்தைக் குறித்து, தன் உறுப்பினர்களைப் பள்ளிகளுக்கு அனுப்பி வந்தது. அதோடு, பள்ளி ஆசிரியர்களைக் கோடை விடுமுறையில் ஆய்வகங்களில் வேலை செய்ய வைக்கும் திட்டத்தையும் நடத்தியது. இரண்டாவதுதான் பெரிய செயல் என்று நான் நினைக்கிறேன். ஏனென்றால் ஓர் ஆசிரியர் ஒரு முறை ஆய்வு செய்து பார்த்துவிட்டால், அதன் பலன் அவர் ஓய்வுபெறும் வரை ஒவ்வொரு வகுப்புக்கும் போய்ச் சேரும். நம்மிடம் அத்தகைய திட்டம் வரும் வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2022 ஜனவரியில் தமிழ்நாட்டில் 11 புதிய அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்ட பிறகு, பெரும்பாலான மாவட்டங்களில் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஒவ்வொன்றிலும் உடலியங்கியல் துறை இருக்கிறது. அங்கே இதய மின்வரைவு, நுரையீரல் கொள்ளளவு, நரம்பின் கடத்துவேகம் ஆகியவற்றை அளக்கும் கருவிகள் உண்டு. தலைமையாசிரியர் வழியாகக் கல்லூரி முதல்வருக்குக் கடிதம் எழுதி, முதலில் நீங்கள் மட்டும் ஓரிரு நாள் சென்று செய்முறை வகுப்பில் உட்காருங்கள். அடுத்த முறை 20 மாணவர்களோடு செல்லலாம்.

இனி வேலைவாய்ப்பு. நீட் தேர்வில் இடம் கிடைக்காவிட்டால் உடலோடு தொடர்புள்ள படிப்பே முடிந்துவிட்டது என்று மாணவர்கள் நம்புவதுதான் நான் சந்திக்கும் மிகத் துயரமான செய்தி, அது உண்மையல்ல. மருத்துவம் படித்தவர்கள் உடலியங்கியலில் எம்.டி. செய்து கல்லூரியில் கற்பிக்கலாம். மருத்துவம் படிக்காதவர்கள், அறிவியல் பட்டத்துக்குப் பின், தரமணியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் அடிப்படை மருத்துவ அறிவியல் நிலையம் போன்ற இடங்களில் உடலியங்கியலில் முதுகலையும் முனைவர் பட்டமும் பெறலாம். ஆனால் மருத்துவக் கல்லூரிகளில் எம்.எஸ்சி., பி.எச்டி. படித்தவர்களுக்கான ஆசிரியர் இடங்களின் விகிதம் பற்றிய விதிகள் மாறிக்கொண்டிருப்பவை. இந்த வழியில் போக நினைக்கும் மாணவரிடம் இதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள். ஐ.ஐ.டி. மெட்ராஸ் 2023இல் தொடங்கிய மருத்துவ அறிவியல் மற்றும் பொறியியல் நான்காண்டுப் படிப்புக்கு ஐசர் (இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனங்கள்) நுழைவுத் தேர்வின் வழியே சேர்க்கிறார்கள். ஐசர் நிறுவனங்களிலும் உயிரியல் ஆய்வை இளநிலையிலிருந்தே தொடங்கலாம்.

மருத்துவமனைக்குள் நுழைந்து பாருங்கள்: இதய அறுவையின்போது இதய-நுரையீரல் இயந்திரத்தை இயக்குபவர், டயாலிசிஸ் தொழில்நுட்பர், சுவாச சிகிச்சையாளர், தூக்க ஆய்வகத்தில் மூளை மின்வரைவைப் பதிபவர், செவித்திறன் வல்லுநர், இயன்முறை மருத்துவர் என எல்லாரும் உடலியங்கியலை அன்றாடம் கையாள்பவர்கள். விலங்குகளின் மேல் விருப்பமுள்ளவர்களுக்குக் கால்நடை மருத்துவம் உண்டு. தமிழ்நாட்டில் அதன் மாநில இடங்களுக்கு 12ஆம் வகுப்பு மதிப்பெண் அடிப்படையில் சேர்க்கை நடந்து வருகிறது. விளையாட்டில் ஈடுபாடு உள்ளவர்கள் உடற்பயிற்சி உடலியங்கியலைப் பார்க்கலாம். பனிமலையில் நிற்கும் படைவீரரின் உடலை ஆராய டெல்லியில் பாதுகாப்புத் துறையின் உடலியங்கியல் நிறுவனமும், விமானியின் உடலை ஆராயப் பெங்களூரில் விமானப் படையின் விண்வெளி மருத்துவ நிறுவனமும் இருக்கின்றன. இவற்றின் பெயர்களை மாணவர்கள் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒவ்வொருவரும் ஒரு வேலையைத் தேர்ந்து, அதைச் செய்பவர் ஒருவரை நேரில் சந்தித்து, என்ன படித்தார், எவ்வளவு செலவானது, தொடக்கச் சம்பளம் என்ன என்று கேட்டு வந்து வகுப்பில் சொல்லும்படி செய்யுங்கள். துணை மருத்துவப் படிப்புகளைப் பொறுத்தவரை, கல்லூரிக்கு உரிய அங்கீகாரம் இருக்கிறதா என்பதைச் சேரும் முன் பார்க்கச் சொல்வது மிக அவசியம். அங்கீகாரம் இல்லாத இடத்தில் மூன்று ஆண்டும் பெற்றோரின் சேமிப்பும் இழந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

கடைசியாக, மொழி. தமிழ்வழியில் படிக்கும் உங்கள் மாணவர்கள் மேற்படிப்பின் ஆங்கிலத்தை நினைத்துத் தயங்குவார்கள். என் முதலாண்டு வகுப்பில் தமிழ்வழி மாணவர்கள் முதல் சில மாதங்கள் சொற்களோடு போராடுவதையும், "சிரை", "தமனி" என்று அவர்கள் ஏற்கனவே தெளிவாகப் புரிந்துகொண்ட கருத்துகள் பிறகு அவர்களுக்குப் பெரும் துணையாக இருப்பதையும் பார்த்து வருகிறேன். பாடத்தைத் தமிழில் விளக்கி, ஒவ்வொரு முக்கியச் சொல்லுக்கும் ஆங்கிலச் சொல்லை அளவீட்டு நோட்டின் ஓரத்தில் எழுதிவரச் சொல்லுங்கள். அந்த நோட்டைத் திருத்தி அழகாகப் படியெடுக்க விடாதீர்கள்; அடித்த எண்களும் பொருந்தாத விடைகளும் தெரியும்படியே இருக்கட்டும். மருத்துவக் கல்லூரிக்கு அழைத்துச் செல்லும் நாளில் அதையும் கொண்டுவரச் சொல்லுங்கள். உங்கள் மாணவர்கள் எங்கள் துறைக்கு வந்தால், நான் முதலில் வாங்கிப் பார்ப்பது அதைத்தான்.